இடுப்பு டிஸ்க் வலிக்கு ஒரு காரைக்குடி பிசியோதெரபி நிலையம்: போய் வந்தவன் மதிப்பீடு

காரைக்குடி நூறடி ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது இந்த நிலையம். பெயர் போடவில்லை. நல்லதும் குறையும் கலந்துதான் எழுதப் போகிறேன், குறையைப் படித்தால் அங்கே வைத்தியம் பார்க்கிற பிசியோதெரபி டாக்டரம்மாவுக்குச் சங்கடமாக இருக்கும். அதோடு இந்தப் பக்கம் இப்போது பிசியோதெரபி போர்டு இல்லாத தெரு குறைவு. எங்கே போய்ச் சேர்ந்தாலும் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பது தெரிந்தால் போதும்.

என் தொழில் ஆத்தங்குடி கல், அதாவது தரையில் பதிக்கிற சிமெண்ட் கல் செய்வது. கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் கலர் சிமெண்டை ஊற்றி, மேலே உலர்ந்த மணல் சிமெண்ட் தூவி, அப்புறம் ஈரக் கலவை போட்டு மட்டம் பண்ணுகிற வேலையில் இடுப்புக்குப் பெரிய தொந்தரவு கிடையாது. தொந்தரவு எல்லாம் தண்ணீர்த் தொட்டியில். காய்ந்த கல்லைத் தொட்டியில் இறக்கி ஊற வைத்து, பிறகு குனிந்து எடுத்து, இடுப்பைத் திருப்பிப் பக்கத்தில் அடுக்க வேண்டும். குனிவது, தூக்குவது, திருப்புவது மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கிற வேலை. டிஸ்க்குக்கு இதைவிடக் கெட்டது இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

வலது பிட்டத்தில் தொடங்கிய வலி தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, முழங்காலைத் தாண்டி, பாதத்தின் மேல்பக்கம் வழியாகக் கட்டைவிரல் வரை சுள்ளென்று இழுத்தது. தும்மினால் உயிர் போகும். ஸ்கேன் எடுத்ததில் எல்4-எல்5 இடத்தில், அதாவது இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே, டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை அழுத்துகிறது என்றும், அதற்குக் கீழே எல்5-எஸ்1 என்கிற கடைசி டிஸ்க்கும் லேசாகப் புடைத்திருக்கிறது என்றும் வந்தது. ஸ்கேனைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரிய ஊர் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே உட்காரக்கூடச் சொல்லாமல், படத்தை வெளிச்சத்தில் காட்டி, ஆபரேஷனுக்கு நாள் பார்க்கச் சொன்னார்கள். என் காலைத் தூக்கிப் பார்க்கவில்லை, நடக்கச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் சித்தப்பா வேறு, ஒரு வைத்தியர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் டிஸ்க் உள்ளே போய்விடும் என்று கார் ஏற்பாடு பண்ணிக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவில்தான் இந்த மாடிக்கு வந்தேன்.

முதலில் நல்லது. டாக்டரம்மா ஸ்கேன் உறையை வாங்கி மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, கேள்வி கேட்க ஆரம்பித்தார். யூரின் போவது தெரிகிறதா, அடக்க முடிகிறதா, போகும்போது அடைத்துக்கொள்கிறதா? மலம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? இரண்டு தொடைக்கும் நடுவில், சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப் போயிருக்கிறதா? காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, புற்றுநோய்க்கு எப்போதாவது வைத்தியம் பார்த்ததுண்டா? எனக்குக் கூச்சமாக இருந்தது. "அண்ணே, இதில் ஒண்ணுக்கு ஆமான்னு சொன்னாலும் உங்களை இங்கே தொட மாட்டேன், நேரா மதுரைக்கு அனுப்பிடுவேன்" என்றார். முதுகுத்தண்டின் அடியில் கொத்தாக இறங்குகிற நரம்புகள் மொத்தமாக நசுங்கினால் யூரின், மலம் இரண்டும் கட்டுப்பாட்டை விட்டுப் போகும். அது நாள் தள்ளாமல் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டிய அவசரம், தைலம் தேய்த்துக் காத்திருக்கிற விஷயம் இல்லை. பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுபட ஆரம்பித்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். இந்தக் கேள்விகளைக் கேட்காத இடத்தில் படுக்கையில் ஏறாதீர்கள். நான் அந்த நிலையத்துக்குக் கொடுக்கிற மதிப்பெண்ணில் பாதி இதற்குத்தான்.

அப்புறம் பரிசோதனை. குதிகாலால் நடக்கச் சொன்னார், நுனிக்காலால் நடக்கச் சொன்னார். கட்டைவிரலை மேலே மடக்கச் சொல்லி எதிர்ப்பக்கம் அழுத்திப் பார்த்தார். மல்லாக்கப் படுக்க வைத்து முழங்காலை மடக்காமல் காலை மெல்ல உயர்த்தினார். பாதி உயரத்தில் கத்திவிட்டேன். எல்5 நரம்பு வேர் என்று ஸ்கேனைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, பிறகுதான் உறையைப் பிரித்தார். உடம்பு சொல்வதும் படம் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்குத்தான் ஸ்கேன் என்று சொன்னது எனக்குப் புதுசு.

டிஸ்க் என்றால் என்ன என்று இவர் சொன்ன மாதிரி யாரும் எனக்குச் சொன்னதில்லை. முதுகெலும்புகளுக்கு நடுவே மொத்தம் 23 டிஸ்க் இருக்கிறதாம். வெளியே நார் நாராக வலுவான வளையம், உள்ளே நீர்ப்பிடிப்புள்ள கூழ். கொழுக்கட்டையை முன்பக்கம் அழுத்தினால் பின்பக்கம் பூரணம் பிதுங்குகிறதே, அப்படி, குனிந்து குனிந்து பாரம் தூக்கும்போது உள்ளே இருப்பது பின்பக்கம் தள்ளும். வளையம் தளர்ந்த இடத்தில் புடைக்கும், கிழிந்தால் வெளியே வரும், அந்தப் பக்கம்தான் நரம்பு வேர் இருக்கிறது. இடுப்பில் வருகிற டிஸ்க் பிதுக்கத்தில் பெரும்பகுதி கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான். உடம்பின் பாரம் அங்கே இறங்குகிறது, அசைவும் அங்கே அதிகம். டிஸ்க் இரண்டு எலும்போடும் ஒட்டியேதான் இருக்கும், மூடி மாதிரி கழன்று ஓடுகிற பொருள் இல்லை, அதனால் யாரும் தட்டி உள்ளே தள்ள முடியாது. சித்தப்பாவின் கார் அன்றைக்கே ரத்தானது.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் கிடப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் மகள் நர்சிங் படிக்கிறாள், அவள் தேடி எடுத்துக் காட்டியது. 1994-ல் அமெரிக்காவில், முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க் புடைத்திருந்தது. 2015-ல் வலி இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் புடைப்பு. அத்தனை பேரும் வலியில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். ரிப்போர்ட்டில் 'பல்ஜ்', 'தேய்மானம்' என்று வந்தாலே வாழ்க்கை முடிந்தது என்று நினைக்க ஒன்றுமில்லை. காலில் இறங்குகிற வலியும் படத்தில் அழுத்தம் தெரிகிற நரம்பும் ஒன்றாக இருந்தால் அப்போது அதற்கு அர்த்தம் உண்டு.

இன்னொன்றும் உண்டு, இதை நம்ப எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. வெளியே வந்த டிஸ்க் துண்டு பல பேருக்குத் தானாகவே சுருங்கிவிடுகிறது. பெரிதாகக் கிழிந்து வெளியே வந்தது, சின்னதாகப் புடைத்ததைவிட அதிகம் சுருங்குமாம். உடம்பு அதை வெளிப்பொருளாகப் பார்த்துக் கரைக்கப் பார்க்கிறது. ஆபரேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெதர்லாந்தில் 283 பேரை வைத்து 2007-ல் வெளியான ஆய்வில், சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் கால் வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருஷ முடிவில் அவர்களும், ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக் காத்திருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் அந்த வருஷத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வலி தாங்குமா, பிழைப்பு காத்திருக்குமா என்று பார்த்து அவரவர் முடிவு செய்வது. என்னிடம் யாராவது இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பெரிய ஊர்ப் பயணச் செலவு மிஞ்சியிருக்கும்.

இப்போது குறை. இந்த நிலையத்தில் இரண்டு அறை. ஒன்றில் டாக்டரம்மா, இன்னொன்றில் மெஷின்கள். இடுப்பில் ரப்பர் பேடு ஒட்டி மெல்லிய கரண்ட் விடுகிற ஐ.எஃப்.டி., ஜெல் தடவித் தேய்க்கிற அல்ட்ராசவுண்ட், இடுப்பையும் மார்பையும் பட்டையால் கட்டி இழுக்கிற டிராக்ஷன் கட்டில். வந்தவர்களை முதலில் இந்த அறைக்குத்தான் தள்ளுகிறார்கள். உதவியாளர் பையன் பேடை ஒட்டிவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விடுகிறான். மணி அடித்தால் வந்து கழற்றுவான். சுகமாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போது பழையபடி ஆகிவிடும்.

இதில் என்னென்ன உண்மையில் வேலை செய்யும் என்று மகளிடம் கேட்டேன். இங்கிலாந்தில் எந்த வைத்தியம் கொடுக்கலாம் என்று வழிகாட்டுகிற நைஸ் என்ற அமைப்பு, 2016-லேயே இடுப்பு வலிக்கும், காலுக்கு இறங்குகிற வலிக்கும் பெல்ட், டிராக்ஷன், அல்ட்ராசவுண்ட் கொடுக்க வேண்டாம் என்று எழுதிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில், குறிப்பிட்ட காரணம் பிடிபடாத நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியிலும் இதே மூன்றும் வேண்டாத பட்டியலில். உடற்பயிற்சியும், வலியைப் பற்றிப் புரிய வைப்பதும் வேண்டிய பட்டியலில். அப்படியென்றால் அந்த இரண்டாவது அறையில் என் காசு எதற்குப் போகிறது? டாக்டரம்மாவிடமே கேட்டேன். கோபப்படவில்லை. "மெஷின் வைக்கலைன்னா யாரும் காசு கொடுக்க மாட்டேங்கிறாங்க அண்ணே. வெறும் எக்சர்சைஸ் சொல்லிக் கொடுத்தா, இதுக்கா முந்நூறு ரூபாய்ங்கிறாங்க." நியாயமான பதில்தான், குறை நம்மிடமும் இருக்கிறது. அதற்காக நான் கரண்டுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. மெஷின் வேண்டாம், அந்த நேரத்தையும் நீங்களே என்னோடு இருங்கள் என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

கவுண்டரில் பெல்ட் விற்கிறார்கள், இடுப்பைச் சுற்றி இறுக்குகிற எல்.எஸ். பெல்ட். கேட்காமலே எடுத்து மேசையில் வைக்கிறார்கள். நான் முன்பே வெளியில் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். சித்திரை வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு பட்டறையில் நிற்பது தனித் தண்டனை, வயிறு முழுக்க வேர்க்குரு. லாரியில் ஏற்றுகிற நேரத்துக்கு மட்டும் கட்டிக்கொண்டு கழற்றிவிடலாம் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். கவுண்டரில் இருக்கிறவருக்கு அது தெரியாது போல.

அவர் அறையில் கற்றுக்கொண்டதற்கு வருகிறேன். முதல் வேலையாகக் குப்புறப் படுக்கச் சொன்னார். அப்புறம் முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கி, அப்படியே இருக்கச் சொன்னார். பிறகு கையை நீட்டி, இடுப்பைத் தரையிலேயே விட்டுவிட்டு மேல் உடம்பை மட்டும் உயர்த்துவது. ஒவ்வொரு முறையும் வலி எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கட்டைவிரலில் இருந்த வலி கெண்டைக்காலுக்கும், அங்கிருந்து தொடைக்கும், பிட்டத்துக்கும் சுருங்கி மேலே வந்தால் நல்ல அறிகுறி; இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. வலி இன்னும் கீழே இறங்கினால் உடனே நிறுத்த வேண்டும். நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்சி 1950-களில் கண்டுபிடித்த முறை இது என்றார். எல்லோருக்கும் இது பொருந்தாது. எனக்குப் பக்கத்தில் இருந்த அரியக்குடிக்கார ஐயாவுக்கு, வயதான முதுகில் நரம்புக் குழாய் சுருங்கிய கேஸ், பின்னால் வளைந்தால் வலி கூடும், முன்னால் குனிந்தால் நிம்மதி. அவருக்கு நேர் எதிரான பயிற்சி. ஒரே வீடியோவைப் பார்த்து ஊரே செய்ய முடியாது என்பது அங்கே கண்ணெதிரே தெரிந்தது.

அதைவிட முக்கியம் குனிகிற விதம். ஒரு விளக்குமாற்றுக் கம்பை என் முதுகில் நெட்டுக்குத்தாக வைத்தார். பின்மண்டை, மேல்முதுகு, வாலெலும்பு மூன்றிலும் கம்பு பட வேண்டும், எதுவும் விலகாமல் குனிய வேண்டும். முடியவே முடியாது என்று நினைத்தேன். பிட்டத்தைப் பின்னால் தள்ளினால் முடிகிறது, இடுப்பு மடங்காமல் தொடை மூட்டு மடங்குகிறது. நம் பக்கம் நாற்று நடுகிற ஆத்தாக்களில் சிலர் நாள் முழுக்க இப்படித்தான் குனிகிறார்கள், கவனித்துப் பாருங்கள். கல்லை உடம்போடு ஒட்டித் தூக்க வேண்டும், திரும்ப வேண்டுமென்றால் இடுப்பைத் திருகாமல் காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும்.

அப்புறம் என் வேலையைப் பற்றிக் கேட்டார். எத்தனை மணிக்குப் பட்டறை திறப்பீர்கள், முதலில் என்ன வேலை? விடிந்ததும் முதல் வேலை தொட்டியில் கல் எடுப்பது என்றேன். "அதைத்தான் மாத்தணும்" என்றார். படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். காலையில் நாம் ஓரிரு சென்டிமீட்டர் உயரமாகக்கூட இருப்போம். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் அப்படி உப்பிய டிஸ்க்கோடு குனிந்தால் அழுத்தம் மிக அதிகம். இப்போது எங்கள் பட்டறையில் காலையில் கண்ணாடி துடைத்து, கலர் கலந்து, அச்சு வேலை. கல் எடுப்பது வெயில் ஏறிய பிறகு. புதிதாகக் கட்டிய தொட்டிக்கு மேடை போட்டு இடுப்பு உயரத்துக்கு எழுப்பினோம். கொத்தனார் சிரித்தார். வேலை செய்கிற பையன்கள் யாரும் பழைய தொட்டிப் பக்கம் போவதில்லை. எந்த மெஷினும் எனக்குச் செய்யாததை இந்த இரண்டு மாற்றம் செய்தது.

வீட்டில் படுத்தே கிடக்கச் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். ஓரிரு நாள் ஓய்வு போதும், அதற்கு மேல் படுத்தால் தசை தளர்ந்து வலி நீளும் என்றார். அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "டிஸ்க் போனவன் ஏண்டா நடக்கிறே" என்று பட்டாலையில் பாயை விரித்து வைத்துக்கொண்டு கூப்பிடுவார். சம்மணம் போட்டுச் சாப்பிடுவதை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னார் டாக்டரம்மா, கல்யாணப் பந்தியில் நாற்காலி கேட்க வேண்டி வந்தது. அதில் கொஞ்சம் மானக்கேடுதான்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பதைப் பற்றி அவரிடம் கேட்டேன். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். நடப்பது டிஸ்க்குக்கு நல்லது, உங்களுக்குப் பயப்பட வேண்டியது நடை அல்ல, முதுகில் பை சுமப்பதும், தங்குகிற இடத்தில் குனிந்து குனிந்து எழுவதும்தான் என்றார். கார்த்திகையில் இருந்தே தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டச் சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பை வண்டியில் வரும், நான் நடந்தேன். திண்டுக்கல் பக்கம் கால் கொஞ்சம் மரத்தது, குப்புறப் படுத்து எழுந்ததும் சரியானது. இந்த ஒரு தாளுக்கே முந்நூறு ரூபாய் தகும்.

இனி கணக்கு. முதல் முறை ஐந்நூறு, அப்புறம் முறைக்கு முந்நூறு. 'பேக்கேஜ்' என்று பத்து முறைக்கு முன்பணம் கேட்கிறார்கள், கொடுக்காதீர்கள். எனக்குப் பிற்பாடு வாரம் ஒரு முறை போனாலே போதுமானதாக இருந்தது, மற்ற நாள் வீட்டில் செய்ததுதான் வேலை செய்தது. பயிற்சியைத் தாளில் எழுதிக் கொடுக்காமல், திரும்பத் திரும்ப வரச் சொல்கிற இடமாக இருந்தால் அது மெஷின் கடை என்று வைத்துக்கொள்ளலாம். பணம் கஷ்டம் என்றால் அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி இலவசம். படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் இருந்தால் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

படிக்கட்டு செங்குத்து, லிஃப்ட் கிடையாது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். இடுப்பு வலிக்காரர்கள் வருகிற இடத்தை மாடியில் வைத்தது யார் யோசனையோ. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். டாக்டரம்மா அறைக்கு ஐந்து, மெஷின் அறைக்கு ஒன்று, கவுண்டருக்கு ஒன்றுமில்லை. ஞாயிறு விடுமுறை. சாயங்காலம் கூட்டம் அதிகம், அப்போது அவர் ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற நேரம் சுருங்கிவிடும். காலை பத்து மணிக்கு மேல் போனால் நிதானமாகப் பேசலாம்.